மார்லா வீட்டுல மட்டும் பெய்ஞ்ச மழை

மார்லா கதவைத் தள்ளிட்டு உள்ள வந்ததும் பேச்சு நின்னு போச்சு. கொறையல, நின்னே போச்சு. மாட்டுச் சந்தைய ஒட்டுன அந்தக் காப்பிக் கடையில காலங்காத்தால ஒரு நீள மேசை முழுக்க தொப்பியா இருக்கும், தொப்பிக்குக் கீழ வாயா இருக்கும். அந்த வாயெல்லாம் ஒரே நேரத்துல மூடி யாரும் பாத்ததில்ல. அன்னிக்கு மூடியிருந்துச்சு.

அவ வந்தது கன்னுக்குட்டிங்களுக்குத் தடுப்பூசி மருந்து வாங்க. சந்தைக்காரங்க மருந்தை இந்தக் கடை ஃப்ரிட்ஜுலதான் வெக்கிறாங்க, ஆப்பிள் பை பலகாரத்துக்குப் பக்கத்துல. வர்ற சனிக்கிழமை செட்லாசெக் பண்ணையில, அதாவது அவ புருஷன் எல்டன் பண்ணையில, கன்னுங்களுக்குச் சூடு போடுற நாள். அப்படியே எல்லாருக்கும் சொல்லிட்டுப் போகலாம்னு மேசைப் பக்கம் திரும்புனா.

"ஏம்மா மார்லா," டோயல்தான் ஆரம்பிச்சாரு. பக்கத்துப் பண்ணைக்காரர், அறுபது தாண்டுன ஆளு, ரெண்டு வீட்டுக்கும் ஒரே வேலி. "குடை எடுத்துட்டு வரலியா?"

"குடை எதுக்கு?"

"இல்ல, உங்க பக்கம் நல்ல மழைன்னு கேள்விப்பட்டோம்."

மேசை சிரிச்சுது. வாய்தான் சிரிச்சுது, கண்ணு அவள விட்டு நகரல.

"சனிக்கிழமை சூடு போடுறோம்," மார்லா சொன்னா. "எல்லாரும் வந்துடுங்க."

"என் குதிரைக்கு முன்னங்கால் சரியில்ல," டோயல் சொன்னாரு. "பாப்போம்." இன்னொரு தொப்பி, எங்க வீட்டுக்கு ஆள் வருதுன்னுச்சு. மூணாவது தொப்பி காப்பிக்குள்ள எதையோ தேடிட்டு இருந்துச்சு.

அமெரிக்காவுல நெப்ராஸ்கா மணல்மேட்டுல சூடு போடக் கூப்பிட்டா வரலன்னு சொல்ற பழக்கமே கிடையாது. கூலிக்கு ஆள் வெச்சு அந்த வேலைய யாரும் செய்யறதில்ல. இன்னிக்கு உன் பட்டி, நாளைக்கு என் பட்டி. ரெண்டு பேர் குதிரை மேல உக்காந்து கன்னு பின்னங்கால்ல கயிறு வீசி இழுத்துட்டு வரணும், கீழ ரெண்டு ரெண்டு பேரா அமுக்கிப் பிடிக்கணும், ஒருத்தர் ஊசி போடணும், ஒருத்தர் இரும்பு வெக்கணும். நாப்பது மைல் தள்ளி இருக்கிறவன் கூட இருட்டோட கிளம்பி குதிரையோட வந்துடுவான். குதிரைக்குக் கால் சரியில்லன்னு ஒருத்தர் சொன்னா, இனிமே உனக்கும் எங்களுக்கும் பேச்சு இல்லன்னு அர்த்தம்.

எல்லாம் ஒரு நிறத்தால வந்த வினை. வறட்சி எங்க எவ்வளவுன்னு அரசாங்கத்துல ஒரு வரைபடம் போடுவாங்க, வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை புதுசா வரும். ஒரு மாவட்டம் சிவப்பாயிட்டா, மேய்ச்சல் போன மாட்டுக்காரங்களுக்கு நிவாரணம் உடனே உண்டு. ஆரஞ்சுலயே நின்னா வாரக்கணக்கா காத்துக்கிடக்கணும், நடுவுல ஒரு வாரம் நிறம் எறங்கிடுச்சுன்னா திரும்ப முதல்ல இருந்து. மேற்கால இருக்கிற மாவட்டம் சிவப்பாயிடுச்சு. இவங்க ஹால்வர் மாவட்டம் ஆரஞ்சு. நடுவுல இருக்கிறது ஒரு முள்கம்பி வேலி. ரெண்டு பக்கமும் அதே மணல், அதே இல்லாத புல்லு.

அப்ப மழைன்னு எவன் சொன்னான்? மார்லாதான் சொன்னா. அவ வீட்டு முத்தத்துல ஒரு மழைமானி இருக்கு, ஒரு மரக்கம்பத்துல மாட்டுன நீளக் குழாய். தெனமும் காலையில ஏழு மணிக்குப் பாத்து, வானிலைக்காரங்களுக்குப் போன்ல அனுப்புவா. சம்பளம் கிம்பளம் கிடையாது, ஆசைக்குப் பண்றது. யார் வேணா நெட்டுல பாக்கலாம். அந்த வசந்தத்துல சுத்தி எல்லாம் சைபர் சைபர்னு இருக்க, அவ குழாய்ல மட்டும் அப்பப்ப கொஞ்சம் மழை விழுந்துட்டு இருந்துச்சு. அதுதான் சிவப்பத் தடுக்குதுன்னு ஊர் முடிவு பண்ணிடுச்சு.

அங்க "எவ்வளவு மழை?"ன்னு கேக்கறது சாப்பிட்டியான்னு கேக்கற மாதிரி. கேப்பாங்க, யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க. ஜாஸ்தி பெய்ஞ்சவன் கொறச்சு சொல்லுவான், குத்தகை ஏத்திடுவாங்கன்னு. ஒண்ணுமே பெய்யாதவன் ரோஷத்துக்கு "கொஞ்சம் நனைச்சுது"ம்பான். அந்த ஊர்லயே மழை விஷயத்துல பொய் சொல்லாத ஒரே எடம் மார்லா வீட்டுக் குழாய்தான்னு எல்லாருக்கும் தெரியும். அதான் அவங்களுக்கு அவ்வளவு கோவம்.

மருந்துப் பெட்டிய பனிக்கட்டியோட சீட்டுல வெச்சுட்டு அவ வண்டிய எடுத்தா. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மேடு மேடா மணல். மே மாசத்துல பச்சையா மடிப்பு மடிப்பா இருக்க வேண்டியது, கெழவன் தலை மாதிரி அங்கங்க நாலு மயிரோட நிக்குது. புல்லு பிடிப்பு விட்ட எடத்துல காத்து வாயத் தொறந்து மணலத் தின்னுட்டு இருந்துச்சு. பட்டிக்கிட்ட தாய் மாடுங்க எல்லாம் வேலியோரமா வரிசையா நின்னு கத்துதுங்க. எல்டன் டிராக்டர்ல வெச்சு ஒரு புல்லுருண்டையப் பிரிச்சு விட்டுட்டு இருந்தான். கொட்டாய்ல அடுக்கி இருந்த உருண்டைங்க கரைஞ்சு, இப்ப பின்சுவரு தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு.

சாயங்காலம் மாட்டுக்கறி சில்லிக் கொழம்பு ஆக்கி, லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச் சுருளும் சுட்டு வெச்சா. அந்தப் பக்கம் சில்லிக்கு அதான் ஜோடி, காரத்துல இனிப்பத் தொட்டுத் திங்கணும். எல்டன் தொப்பியக் கழட்டி முட்டியில வெச்சுட்டு உக்காந்தான்.

"டோயல் வரமாட்டாரு போல," மார்லா சொன்னா.

"எங்க?"

"சனிக்கிழமை. குதிரைக்குக் கால் வலியாம். நேத்துதான் அந்தக் குதிரை வேலி தாண்டிக் குதிச்சுது, நானே பாத்தேன்."

எல்டன் சுருளப் பிச்சு சில்லிக்குள்ள முக்குனான். "அந்த மழைக் கணக்க அனுப்பாத. நிறுத்திடு."

"நிறுத்துனா மாட்டிக்கிட்டதால நிறுத்துனான்னு சொல்லுவாங்க."

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க."

"குழாய்ல இருக்கிறதைத்தானே நான் அனுப்புறேன். இல்லாததையா அனுப்புறேன்?"

"நான் அப்படிச் சொல்லல."

"ஆனா ஒண்ணு எனக்குப் புரியல எல்டன். பெய்யிற சத்தம் ஒரு தடவ கூட எனக்குக் கேக்கல. தகரக் கூரைக்குக் கீழ படுத்திருக்கோம்."

"உனக்கு நல்ல தூக்கம்," அப்படின்னான். கொஞ்ச நேரம் மென்னான். அப்புறம், "டோயல் நம்ம மேய்ச்சலக் குத்தகைக்கு எடுத்துக்கிறேன்னு சொல்றாரு. நாம மாட்ட வித்தா."

மார்லா கரண்டியக் கீழ வெச்சா. "எப்ப சொன்னாரு?"

"போன வாரம்."

"என்கிட்ட சொல்லவே இல்ல?"

"இப்பச் சொல்றேன்ல. புல்லு எவ்வளவு நாள் வரும்னு நெனக்கிற நீ? நிவாரணம் வரலன்னா விக்கறதத் தவிர என்ன வழி இருக்கு?"

"வந்துச்சுன்னா?"

அவன் தொப்பிய எடுத்துத் தலையில வெச்சுட்டு, கடைசியா சினையா நிக்கிற கெடேரிங்களப் பாக்கப் போயிட்டான்.

மார்லாவுக்கு அன்னிக்குத் தூக்கம் பிடிக்கல. அவ மண்ணுக்குப் பொறந்தவ இல்ல. கறி ஆலைக்குப் பின்னாடி இருந்த தெருவுல வளந்தவ, அவ அப்பா முப்பது வருஷம் அங்க கத்தி பிடிச்சாரு. கல்யாணம் ஆகி வர்ற வரைக்கும் மாடுன்னா அவளுக்குக் கொக்கியில தொங்குறதுதான். இங்க வந்த முத வருஷம் பனியில ஒரு கன்னு பொறக்கறப்ப தாய் வயித்துலயே காலு மடங்கி மாட்டிக்கிச்சு. எல்டன் கை உள்ள போகல, பெருங்கை. இவதான் முழங்கை வரைக்கும் விட்டு காலத் திருப்பி இழுத்தா. அது மூச்சு விட்டு நின்னு பால் குடிச்சதப் பாத்ததுல இருந்து அவள அந்தப் பட்டியில இருந்து பிரிக்க முடியல. அந்த வம்சத்துல வந்த மாடுங்கதான் இப்ப வேலியோரமா கத்துறது எல்லாம்.

காலையில குழாய்ல தண்ணி இருந்துச்சு. கொஞ்சம்தான், ஒரு விரல் உசரம்.

அவ அத எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா. அப்புறம் கீழ பாத்தா. மணல் தண்ணியக் குடிச்சுடும், அதுல ஒண்ணும் தெரியாது. ஆனா முத்தத்துல நின்ன வண்டி மேல ரெண்டு நாள் தூசி. பூனை நடந்த பாதம் பாதமா அச்சு. ஒரு சொட்டு விழுந்த தடம் இல்ல. பூனைக்கு மேல மட்டும் பெய்யாத மழையா இருக்குமான்னு ஒரு நிமிஷம் நின்னா. விரல உள்ள விட்டு நாக்குல வெச்சா.

துருப்பிடிச்ச ஆணி.

மழைக்கு ருசி கிடையாது. இது அவங்க கெணத்துத் தண்ணி, காத்துல சுத்துற காத்தாடி எறைக்கிற தண்ணி, வெள்ளைச் சட்டைய மூணு தொவைப்புல செவப்பாக்குற இரும்புத் தண்ணி. எவனோ கொண்டாந்து ஊத்தியிருக்கான். மேய்ச்சல எடுத்துக்கிறேன்னு எவர் சொன்னாரு? அவளுக்குக் காது சுட ஆரம்பிச்சுது. அன்னிக்குக் கணக்குல சைபர்னு அனுப்பிட்டு நேரா வண்டிய எடுத்தா.

டோயல் வீட்டுல இல்ல. "வடக்கு மேட்டுல காத்தாடி பிரிக்கிறாரு, போய்ப் பாரு"ன்னு அவர் பொண்டாட்டி ஆர்டிஸ் கதவுலயே நின்னு சொன்னா. உள்ள வான்னு கூப்பிடல.

காத்தாடிக்குக் கீழ டோயல் தனியா கெணத்துல இருந்து குழாயத் தூக்கிட்டு இருந்தாரு. தூக்குன குழாயக் குறடு போட்டுப் பிடிச்சிருக்காரு. விட்டா மொத்தமும் கெணத்துக்குள்ள போயிடும். மூஞ்சி செவந்து நிக்கிறாரு.

"டோயல், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"மொதல்ல இதப் பிடி."

"நான் உங்களத் திட்ட வந்திருக்கேன்."

"பிடிச்சுட்டுத் திட்டு."

அவ குறடப் பிடிச்சா. அவர் அடுத்த கண்ணியக் கழட்ட ஆரம்பிச்சாரு. ரெண்டு பேரும் மூச்சு வாங்குறாங்க.

"என் மழைமானியில கெணத்துத் தண்ணி ஊத்துறது நீங்கதானே?"

டோயல் கை நின்னுச்சு. "என்னது?"

"நக்கிப் பாத்தேன். இரும்பு."

"எனக்கு உன்னவிட ரெண்டு பங்கு மாடு இருக்கு. சிவப்பு வரக்கூடாதுன்னு நானே தண்ணி ஊத்துவேனா? மண்டையில அடி கிடி பட்டுச்சா உனக்கு?" அவர் குழாயத் திருகுனாரு. "என் வண்டி சைலன்சர் போய் ஒரு வருஷமாச்சு. உங்க வாசலுக்கு நான் வந்தா மூணு மைலுக்கு முன்னாடியே உன் கோழி எந்திரிச்சுடும். விடாத, விடாத, இறுக்கிப் பிடி."

"பின்ன எதுக்கு எங்க மேய்ச்சலக் கேட்டீங்க?"

"யாரு கேட்டா?"

"நீங்கதான். போன வாரம்."

டோயல் அவள நிமிந்து பாத்தாரு. காப்பிக் கடையில பாத்த பார்வை இல்ல அது. "நான் கேக்கலம்மா. எல்டன்தான் வந்தான். மாடு போயிட்டா எடம் சும்மா கெடக்குமே, எடுத்துக்கிறீங்களான்னு அவன்தான் கேட்டான். உன்கிட்டப் பேசிட்டுத்தான் வந்தான்னு நெனச்சேன்."

மார்லா கை வழுக்குச்சு. டோயல் பாஞ்சு குறடப் பிடிச்சாரு. ரெண்டு பேரும் சேந்து அந்தக் குழாயத் திரும்ப நிலைக்குக் கொண்டு வந்தாங்க.

வேலைய முடிச்சுக் குடுத்துட்டுத்தான் அவ கிளம்புனா. பாதி கழட்டுன கெணத்த விட்டுட்டு யாரும் போக மாட்டாங்க, எவ்வளவு கோவம் இருந்தாலும்.

வர்ற வழியில அவங்க காத்தாடிகிட்ட வண்டிய நிறுத்துனா. ஒவ்வொரு காத்தாடியிலயும் ஒரு தகரக் கப்பு தொங்கும், தாகம் எடுத்தவன் யார் வேணா குடிச்சுட்டு மாட்டிட்டுப் போவான். இவங்க காத்தாடியில கொக்கி இருந்துச்சு, கப்பு இல்ல. வீட்டுக்கு வந்து எல்டன் வண்டிக்குள்ள கையால துழாவுனா. சீட்டுக்குக் கீழ, கையுறைக்கும் வேலிக் கம்பிக்கும் நடுவுல கப்பு கெடந்துச்சு. உள்ள அடியில செவப்பா ஒரு வளையம்.

அவ எடுக்கல. இருந்த எடத்துலயே வெச்சுட்டு வந்தா. அடுத்த ரெண்டு நாளும் அவன் கையவே பாத்துட்டு இருந்தா. உப்பு எடுத்துக் குடுக்கிற கை. ரொட்டிய ரெண்டாப் பிச்சு பெரிய துண்ட அவ தட்டுல வெக்கிற கை. பதினேழு வருஷமா தெரிஞ்ச கை. இருட்டோட எந்திரிச்சு கெடேரியப் பாத்துட்டு வரேன்னு போறப்ப கண்ண மூடிட்டு அவன் பூட்ஸ் சத்தத்த எண்ணாம எண்ணுனா. சத்தம் பட்டிப் பக்கம் போகறதுக்கு முன்னாடி முத்தத்துல கொஞ்சம் நின்னுச்சு.

வியாழக்கிழமை காலையில ஒரு போன். சின்னப் பொண்ணு குரல், வறட்சி மேப்பு போடுற எடத்துல இருந்து.

"மேடம், தப்பா நெனக்காதீங்க. உங்க மழைமானி பக்கத்துல தோட்டத்துக்குத் தண்ணி அடிக்கிற குழாய் ஏதாவது இருக்குதா?"

"ஏன் கேக்கறீங்க?"

"உங்க கணக்கு மட்டும் சுத்தி இருக்கிற எதோடயும் ஒத்துப் போகல. ரேடார்ல மேகமே இல்லாத நாள்ல மழை காட்டுது. மார்ச்சுல இருந்தே உங்கள தனியா எடுத்து வெச்சுட்டோம். வருத்தமா இருக்கு, நீங்க இத்தன வருஷமா தவறாம அனுப்புறவங்க."

"தனியா எடுத்து வெச்சுட்டோம்னா?"

"கணக்குல சேக்கறதில்ல மேடம். ஒரு குழாய வெச்சு யாரும் மாவட்டத்துக்கு நிறம் போடறதில்ல. மண்ணு, ஆறு, புல்லு, எல்லாம் பாப்போம். இன்னிக்கு வர்ற மேப்புல உங்க ஊர் சிவப்பு."

மார்லா ஜன்னல் வழியா முத்தத்துக் கம்பத்தப் பாத்தா. "இருக்கு," அப்படின்னா கடைசியா. "பக்கத்துல ஒரு குழாய் இருக்கு. நடந்து வர்ற குழாய். நான் பாத்துக்கிறேன்."

பத்து மணிக்கெல்லாம் ஊர் முழுக்கத் தெரிஞ்சுடுச்சு. ரோட்டுல போற வண்டி எல்லாம் ஹாரன் அடிச்சுட்டுப் போகுது. டோயல் போன் பண்ணாரு, எல்டன்தான் எடுத்தான். அந்தப் பக்கம் கத்துறது சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. சிவப்புடா, சிவப்பு. குதிரைக்குக் கால் சரியாயிடுச்சு, சனிக்கிழமை வந்துடுறோம்.

"சந்தோஷம்," எல்டன் சொன்னான். போன வெச்சான். அவன் மூஞ்சிய மார்லா பாத்தா. ஒரு மாடு செத்துப் போனா கூட அவன் மூஞ்சி இப்படி ஆனதில்ல. வெளிய போய், வண்டியில ஏறி, சாவி போடாம உக்காந்துட்டான்.

அவ இந்தப் பக்கக் கதவத் தொறந்து ஏறுனா. சீட்டுக்குக் கீழ கைய விட்டு கப்ப எடுத்து, கண்ணாடிக்கு முன்னாடி வெச்சா.

"இது எங்க இருக்கணும்?"

"காத்தாடியில."

"இங்க என்ன பண்ணுது?"

"தண்ணி குடிச்சேன்."

"நீ குடிச்சியா, குழாய் குடிச்சுதா?"

காத்து வண்டிய லேசா ஆட்டுச்சு. எல்டன் ஸ்டியரிங்கப் பிடிச்சுட்டு வேலியப் பாத்துட்டு இருந்தான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமை. நக்கிப் பாத்தேன். டோயல்னு நெனச்சு அந்த மனுஷனத் திட்ட வேற போனேன்."

"என்ன சொன்னாரு?"

"இதப் பிடின்னாரு."

அவனுக்குச் சிரிப்பு வந்துச்சு. வந்த வேகத்துல போயிடுச்சு. "மாவட்டத்துல ரோடு சமன் பண்ற வண்டிக்கு ஆள் கேக்கறாங்க மார்லா. மாசச் சம்பளம். ஆஸ்பத்திரி செலவு அவங்களோடது. அஞ்சு மணிக்கு வண்டிய நிறுத்திட்டு வீட்டுக்கு வந்துடலாம்."

"அத என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா மாட்ட என்ன பண்றதுன்னு கேப்ப."

"கேப்பேன்."

"எங்க தாத்தா மண்ணு பறந்த அந்தப் பெரிய வறட்சிக் காலத்துலயே விக்கல. எங்கப்பா முதுகு போயும் விக்கல. நான் என்னன்னு விக்கிறது? வறட்சி வித்துச்சுன்னு இருந்தா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எல்டன் வித்தான்னு இருக்கக்கூடாது. சிவப்பு இன்னும் நாலு வாரம் தள்ளிப் போனா போதும்னு பாத்தேன். புல்லு தீந்துடும், வித்துடுவோம். அப்புறம் சிவப்பானா மத்தவங்களுக்கு ஆகட்டும்."

"என் குழாய்ல ஊத்துன. காப்பிக் கடையில எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க எல்டன். உன் மூஞ்சிய இல்ல."

எல்டன் கப்புக்குள்ள இருந்த செவப்பு வளையத்த விரலால தேச்சான்.

"இன்னொண்ணு தெரிஞ்சுக்க," மார்லா சொன்னா. "மார்ச்சுல இருந்தே என் கணக்க அவங்க சேக்கறதே இல்லயாம். இருட்டுல எந்திரிச்சுப் போய் எந்திரிச்சுப் போய் நீ ஊத்துன தண்ணிய ஒருத்தரும் பாக்கவே இல்ல. நான் ஒருத்திதான் பாத்தேன்."

எல்டன் தொப்பிய எடுத்து மூஞ்சிய மூடிட்டான். தோள் குலுங்குச்சு. சிரிக்கிறானா அழுவுறானான்னு அவ எட்டிப் பாக்கல.

"ரோடு வண்டிக்குப் போ," அப்படின்னா.

தொப்பிக்குள்ள இருந்து, "மாடு?"

"மாடும் சூட்டு அச்சும் என் பேருக்கு மாத்து. நிவாரணப் பணத்துல புல்லு வாங்கி பனிக்காலம் வரைக்கும் தள்ளிடலாம். முடியலன்னா நான் விக்கிறேன். மார்லா வித்தான்னு இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது."

"உன்னால தனியா முடியுமா?"

"கன்னு காலத் திருப்புனது யாரு கை?"

அவன் தலைய ஆட்டுனான்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத," கதவத் தொறந்துட்டே சொன்னா. "அது தனி." கப்ப அவளே எடுத்துட்டுப் போயி காத்தாடியில மாட்டிட்டு வந்தா.

சனிக்கிழமை விடியறதுக்குள்ள முத்தம் முழுக்க குதிரைங்கள ஏத்திட்டு வந்த வண்டிங்க. ஆர்டிஸ் உருளைக்கெழங்கு சாலடு ஒரு அண்டா கொண்டாந்திருந்தா, பை பலகாரம் வேற ரெண்டு வகை. திங்கக்கிழமை கதவுலயே நிறுத்துனதுக்கு ஒண்ணும் சொல்லல, மார்லா கையில இருந்த பாத்திரத்த வாங்கி அவளே கழுவ ஆரம்பிச்சுட்டா. பட்டிக்குள்ள கன்னுங்க ஒரு பக்கம் கத்த, வெளிய தாய்ங்க ஒரு பக்கம் கத்த, நடுவுல கேஸ் அடுப்பு ஊன்னு எரிஞ்சுட்டு இருந்துச்சு. அதுல இரும்பு காஞ்சுட்டு இருந்துச்சு. செட்லாசெக் அச்சு ஒரு எஸ் எழுத்து, நிக்கிற எஸ் இல்ல, பக்கவாட்டுல சாஞ்ச எஸ். படுத்த எஸ்னு சொல்லுவாங்க.

டோயல் குதிரை மேல இருந்து கயிறு வீசி மொதக் கன்ன இழுத்துட்டு வந்தாரு. ரெண்டு பேரு அமுக்கிப் பிடிச்சாங்க. எல்டன் பழக்கத்துல இரும்ப எடுத்துட்டு ரெண்டடி வெச்சான்.

"மார்லா," டோயல் மேல இருந்து கூப்பிட்டாரு, சிரிச்சுட்டே. "அந்தக் குழாய் ரிப்பேர் ஆச்சா?"

மார்லா ஊசியில மருந்து ஏத்திட்டு இருந்தா. நிமிந்து எல்டனப் பாத்தா.

"குழாய்ல ரிப்பேர் இல்ல டோயல்," எல்டன் சொன்னான். "நான்தான் தண்ணி ஊத்துனேன்."

பேச்சு நின்னுச்சு. காப்பிக் கடையில நின்ன மாதிரியே. கன்னு மட்டும் கத்திட்டு இருந்துச்சு. எல்டன் இரும்பத் திருப்பி, பிடிய முன்னால நீட்டி மார்லா கையில குடுத்தான். "மாடு இனிமே அவளோடது. நான் ரோட்டு வண்டிக்குப் போறேன்."

டோயல் குதிரை மேல உக்காந்துட்டு அவனையே பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. கயிறு இழுத்துக் குதிரை ஒரு அடி பின்னால போச்சு. எறங்கி வந்து அடிச்சுடுவாரோன்னு கூட மார்லாவுக்குத் தோணுச்சு.

"எவ்வளவு?" அப்படின்னாரு.

"என்ன எவ்வளவு?"

"ஊத்துனியே, எவ்வளவு?"

"ஒரு தடவைக்கு ஒரு வாய் தண்ணி."

"எங்க பக்கம் அது கூட இல்ல," டோயல் சொன்னாரு.

ஒருத்தன் தும்முற மாதிரி சிரிச்சான். அப்புறம் எல்லாரும். டோயல் சிரிக்கல. மார்லாவப் பாத்து, "போடும்மா, இரும்பு ஆறுது. எழுத்தத் தலைகீழா வெச்சுடாத."

"எஸ்ஸ எப்படி வெச்சாலும் எஸ்தான்," மார்லா சொல்லிட்டு இரும்ப வெச்சா. மயிரு கருகுற புகை மூஞ்சியில அடிச்சுது. கண்ணு எரிஞ்சும் அவ கைய எடுக்கல, தோலு நல்ல பழுப்பா மாறுற வரைக்கும் நின்னா.

நெசமான மழை ஜூன்ல வந்துச்சு. ராத்திரி முழுக்க தகரத்துல கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு, ரெண்டு பேரும் முழிச்சுட்டுப் படுத்தே கெடந்தாங்க. காலையில மேடெல்லாம் கருத்து, குட்டை குட்டையா தண்ணி நிக்குது. மார்லா பூட்ஸ் சேத்துல சதக் சதக்குன்னு போயி குழாய எடுத்தா. வழியுற அளவு.

எல்டன் ரோட்டு வேலைக்காரங்க போடுற மஞ்சச் சட்டையோட, சாப்பாட்டுப் பெட்டியப் பிடிச்சுட்டு வாசப்படியில நின்னான்.

"மழைதான் மார்லா," அப்படின்னான். "ராத்திரி நீயும்தானே கேட்டுட்டு இருந்த."

"கேட்டேன்."

சொல்லிட்டு அவ விரல உள்ள விட்டு, நாக்குல வெச்சுப் பாத்தா.